தவிடும் இருதயமும்

இரணைமடு நீர் பாயும் உருத்திரபுரத்து வயல்களிற் காலபோக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்குங் காட்சி கண்ணுக்கு இனியது. காடு வெட்டிக் கழனியாக்கிய எம் முன்னோரின் வியர்வை அம்மண்ணிற் கலந்துள்ளது. அந்நெல்லின் வருவாயே எம்மிற் பலரை இந்துக் கல்லூரியின் வாயிலுக்கு அனுப்பி வைத்தது. ஆதலின், நெல்லைப் பற்றியும் நெஞ்சைப் பற்றியும் ஒருங்கே சில சொற் கூறுவது இம்மலருக்குப் பொருத்தமாகும் என எண்ணுகின்றேன்.

பழைய மாணவர் கூடும்பொழுது முன்னெல்லாம் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேசினோம். இப்பொழுது குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் பற்றிப் பேசுகின்றோம். அண்மையில் நண்பரொருவர், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மகனீசியக் குளிகைப் போத்தலை எடுத்துக் காட்டி, “இருதயத்துக்கு இது நல்லதாம், நீரும் இரண்டு போடும்” என்றார். அவருடைய அன்பு மெய்யானது. ஆயினும் அவருடைய அறிவுரை எல்லார்க்கும் பொருந்துவதன்று.

மகனீசியம் இருதயத்துக்கு வேண்டியதோவெனின், வேண்டியதே. வளர்ந்தோர் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மகனீசியம் உண்டு. அதிற் பெரும்பகுதி என்பிலும் தசையிலும் உறைகின்றது. குருதியில் உள்ளது நூற்றிலொரு பங்கிலுங் குறைவு. ஆகவே, குருதிச் சோதனை ஒன்றையே கொண்டு குறைவை எப்பொழுதும் அறிதல் இயலாது. இருதயத் தசையின் ஒவ்வொரு கலமும் தன் சக்தியைப் பயன்படுத்துதற்கு இது துணைநிற்கின்றது. பொற்றாசியத்தைக் கலத்தினுள்ளே நிறுத்துவதும், கல்சியம் அளவின்றி உட்புகாது தடுப்பதும் இதன் தொழில்கள். இக்காவல் தளருமாயின் பொற்றாசியம் சிறுநீரோடு வெளியேறும். இருதயத்தின் துடிப்புத் தாளம் தவறும். அந்நிலையிற் பொற்றாசியத்தை மட்டும் கொடுத்தல் போதாது. மகனீசியத்தையும் ஈடுசெய்தல் வேண்டும். நீரிழிவுடையோர், சிறுநீரைப் பெருக்கும் மருந்தை நெடுநாள் உண்போர், மதுப்பழக்கமுடையோர் ஆகியோரிடம் இக்குறை மிகுதியாகக் காணப்படும்.

அங்ஙனமாயின் எல்லார்க்குங் கொடுத்தாலென்ன என்று வினவலாம். இவ்வினா முன்னரே சோதிக்கப்பெற்றது. 1992 இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் மாரடைப்புற்ற 2,300 பேரளவில் நடத்திய ஆய்வு, நாளத்தினூடாக மகனீசியம் ஏற்றுதல் இறப்பைக் குறைக்கும் எனக் காட்டிற்று. 1995 இல் வெளியான, ஏறத்தாழ 58,000 பேரை உட்படுத்திய ஆய்வோ அத்தகைய பயன் யாதுங் காணவில்லை. சிலவகைத் தாளப்பிறழ்வுகளுக்கு அஃது இன்றும் உயிர்காக்கும் மருந்தே. ஆயினும், குறையுடையார்க்கு நன்மை செய்வது யாவர்க்கும் நன்மை செய்யும் என்பது விதியன்று.

எமது வன்னி மக்கள் மறவாதிருக்க வேண்டிய பிறிதொன்றும் உண்டு. உடலில் மிகும் மகனீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிற் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பலரை வருத்துகின்றது. சிறுநீரகம் பழுதுற்றார்க்கு இக்குளிகை உடலிலே தேங்கிக் கேடு விளைக்கும். அளவு கடப்பின் இருதயத்தையே ஒடுக்கிவிடும். நோயைத் தாம் அறியாமலே உடையவர் பலர். ஆகவே, வைத்தியரைக் கேளாது போத்தலைத் திறத்தல் தகாது.

குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். கிணற்று நீரைக் கொதிக்க வைத்த கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவில் கல்சியமும் மகனீசியமும் உண்டு. வன்னீர் அருந்தும் ஊர்களில் இருதய நோய் குறைவோ என்னும் ஆராய்ச்சி, 1960 அளவில் அமெரிக்காவில் சுறோடர் என்பார் எழுதியது முதல் நடைபெற்று வருகின்றது. முடிந்த முடிபு இன்னும் இல்லை. சிறுநீரக நோய்க்கு அஞ்சி இக்காலத்து நிறுவப்பெற்ற வடிகட்டு நிலையங்கள் இவ்வுப்புகளையும் நீக்கிவிடுகின்றன. அந்நீரை வேண்டாமென்று தள்ளுதல் அறியாமை. நீரிலே குறைந்ததை உணவிலே தேடுதலே முறை.

உணவிலே தேடுவோமாயின் வெட்கத்துக்குரிய உண்மையொன்று புலப்படும். தீட்டாத அரிசியில் நூறு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மகனீசியம் உண்டு. நன்கு தீட்டிய வெள்ளரிசியில் 30 மில்லிகிராம் அளவே எஞ்சும். எஞ்சியது எங்கே? தவிட்டிலே. நெல்லை விளைவிக்கும் நாம் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் இட்டு, வெண்மையை மட்டும் எமக்கென வைத்துக்கொள்கின்றோம்! தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரி நோயின் மூலத்தைச் சாவகத்திற் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த ஈக்மன் என்னும் வைத்தியருக்கு 1929 இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அங்கே குறைந்தது வேறொரு சத்து. ஆயினும் இழக்கப்பட்ட இடம் அதே தவிடுதான். இத்தனை ஆண்டு கழிந்தும் அப்பாடத்தை நாம் கற்றிலோம்.

தீட்டாத அரிசி நெடுநாள் இராது, தவிட்டின் எண்ணெய் கெட்டு நாறும் என்பர். உண்மையே. வேண்டியபோது வேண்டிய அளவு குற்றுவித்தலே அதற்குப் பரிகாரம். ஆலைக்கு நெல் கொண்டுசெல்வோர், வீட்டுக்குரிய மூடையை மட்டுமேனும் தீட்டாது தரும்படி கேட்பாராக. குரக்கன் பிட்டு, உழுந்து, பயறு, எள்ளு, கச்சான், முருங்கையிலை வறை ஆகியன எம் அடுக்களைக்குப் புதியனவல்ல. சிறுநீரக நோயாளர் மட்டும் இவற்றையும் வைத்தியர் கூறும் அளவிலே கொள்க.

அடுத்த ஒன்றுகூடலின் விருந்திற் குத்தரிசிச் சோறு படைக்கப்படுமாயின், அதுவே எம் தலைமுறை இளையோர்க்கு விட்டுச்செல்லும் நல்ல பாடமாகும். போத்தலை அனுப்பிய மகனின் அன்பு வாழ்க. அவன் தந்தையின் வயலில் விளைந்த நெல், தவிட்டோடு அவர் இலைக்கு மீள்க!