ஓட்டர் ஜாபிதாவும் குப்பத்து ஜனங்களும்

மனிதனுடைய பாவ புண்ணியக் கணக்கைச் சித்திரகுப்தன் ஒரு ஏட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்றும், அந்த ஏட்டை யாரும் பார்க்கவோ திருத்தவோ முடியாது என்றும் நமது ஜனங்களுக்கு வெகு காலமாகச் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. இதனால் ஏற்பட்ட கேடு என்னவென்றால், மனிதன் எழுதிய ஏட்டையும் அவர்கள் அதே பயத்தோடு பார்க்கிறார்கள். ஓட்டர் ஜாபிதாவில் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டால், "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று வீடு திரும்பி விடுகிறார்கள். ஓட்டர் ஜாபிதா எமலோகத்துக் கணக்கு அல்ல. அது சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்கள் தயாரிக்கும் காகிதம். எழுதுகிறவர்கள் தப்புச் செய்யக்கூடும்; அந்தத் தப்பைத் திருத்தச் சட்டமும் இருக்கிறது.

இதை இப்பொழுது சொல்ல வேண்டிய அவசியம் என்னவென்றால், 2025-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் ஓட்டர் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தும் வேலை நடந்தது. டிசம்பர் 19-ந் தேதி வெளியான நகல் ஜாபிதாவில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6 கோடியே 41 லட்சமாக இருந்த ஓட்டர்கள் 5 கோடியே 43 லட்சம் ஆனார்கள். இவர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம் என்றும், இடம் மாறிப் போனவர்கள், வீட்டில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் 66 லட்சத்துக்கு மேல் என்றும் சொல்லப்பட்டது. இறந்தவர் பெயரை நீக்க வேண்டியதுதான். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், "காணப்படாதவர்" என்றால் யார்? வீட்டுக்கு வந்த சிப்பந்தியின் கண்ணில் படாதவர் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் என்ன?

பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்வோம். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி இது. ஆந்திர நாட்டிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்களில் உள்ளவர்களுக்கு ஏரியும் கடலுமே வயல். விடியுமுன் படகு இறங்கும். மீன் குறைந்த மாதங்களில் பிழைப்பைத் தேடி வேறு இடம் போகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்டவன் வீட்டுக் கதவை ஒருவர் பகல் பதினோரு மணிக்கு வந்து தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று எழுதினால், அது அவன் உழைப்பதற்கு விதிக்கும் அபராதம் அல்லவா?

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவில், தற்காலிகமாக வெளியே போயிருப்பதனாலேயே ஒருவன் தன் ஊரில் வசிப்பவன் அல்ல என்று ஆகிவிடமாட்டான் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது குப்பத்துக்கு வந்து சேருவதற்குள் எங்கே கரைந்து போகிறது என்றுதான் கேட்கிறோம்.

நிற்க, தபால் ஓட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். 2019-ம் வருஷம் விதிகளைத் திருத்தி, 80 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்றார்கள். நல்ல காரியம். 2024-ல் அந்த வயதை 85 என்று உயர்த்தினார்கள். இதற்கு 12-டி என்ற பாரத்தைப் பூர்த்தி செய்து, எலெக்ஷன் அறிவிக்கை வந்த 5 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பிறகு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிப் போவார்கள். இந்த எலெக்ஷனுக்குக் கொடுத்த பாரம் அடுத்த எலெக்ஷனுக்குச் செல்லாது. மறுபடியும் பாரம், மறுபடியும் 5 நாள் கெடு. 85 வயதான பாட்டி அடுத்த எலெக்ஷனுக்குள் குமரியாகி விடுவாளா? பிறவியிலேயே கண் தெரியாதவருக்கு ஐந்து வருஷத்தில் பார்வை வந்துவிடுமா?

பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பெயர் ஜாபிதாவின் கடைசிப் பாகத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அது அங்கே உள்ளவரையில், அவர்கள் கேட்காமலேயே ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் ஓட்டுச்சீட்டு அவர்களைத் தேடிப் போகிறது. நாம் அதைக் குறை கூறவில்லை. ஒரு கூட்டத்தாருக்கு நிரந்தர ஜாபிதா வைத்து நடத்த முடிகிறதென்றால், எழுந்து நடக்க முடியாத கிழவருக்கும் ஊனமுற்றவருக்கும் அதை ஏன் வைக்க முடியாது? கடலுக்குப் போகிறவனுக்கோ தபால் ஓட்டில் ஒரு வகுப்பே கிடையாது.

நிரந்தர ஜாபிதா வைத்தால் செத்தவன் ஓட்டையும் எவனாவது போட்டுவிடுவான் என்று சிலர் சொல்லுவார்கள். இதற்குப் பதில் சுலபமானது. நமது நாட்டில் இந்த வீட்டு ஓட்டுச்சீட்டு தபால்காரன் கையில் வருவதில்லை. அதிகாரிகளே நேரில் வந்து, ஆளைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். செத்தவன் எழுந்து வந்து உட்காருவானா? மேலும், சாவைப் பதிவு செய்கிற ஆபீசும் சர்க்காருடையதுதானே?

அமெரிக்காவில் இந்த வழக்கு வேறு விதமாக நடக்கிறது. அரிஸோனா நாட்டில் 2007-ம் வருஷத்துச் சட்டப்படி, ஒருமுறை கேட்டுக்கொண்டால் என்றைக்கும் தபால் ஓட்டு அனுப்புவதற்கு நிரந்தர ஜாபிதா வைத்தார்கள். 2021-ல் அதைத் திருத்தி, தொடர்ந்து சில வருஷம் தபால் ஓட்டை உபயோகிக்காமல், நோட்டீசுக்கும் 90 நாளில் பதில் சொல்லாதவரை அந்த ஜாபிதாவிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள். புளோரிடா நாட்டிலோ அதே வருஷம் செய்த சட்டத்தினால் பொது எலெக்ஷனுக்கு எலெக்ஷன் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. சும்மா இருந்தவனைச் செத்தவனாக வைத்து நடத்துவதை நாம் ஒப்பமாட்டோம். ஆனால், எடுப்பதற்கு முன் நோட்டீசு, பதில் சொல்ல 90 நாள் என்ற அந்த ஒரு ஷரத்தையாவது நம்மவர்கள் கவனிக்கட்டும்.

பழவேற்காட்டு ஜனங்களுக்கு ஜாபிதா என்பது புதிதல்ல. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் "பாடு" என்ற ஏற்பாடு அங்கே வெகு காலமாக இருக்கிறது. பாட்டில் தன் பெயர் விட்டுப்போனால் எந்த மீனவனாவது தலைவிதி என்று போவானா? ஊரைக் கூட்டி நியாயம் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்த ரோஷத்தில் பாதி ஓட்டர் ஜாபிதாவிடம் காட்டினால் போதும். அதோடு இதையும் சொல்லவேண்டும். பாடு என்பது ஜாதியையும் ஆண்பிள்ளையையும் பார்த்தே கொடுக்கப்பட்டு வந்தது. பெண்ணுக்கும் ஜாதி வேறான மீன்பிடிகாரனுக்கும் அதில் பங்கில்லை. அவர்களுக்கு மற்றவரோடு சரிசமமாகப் பெயர் எழுதப்படும் ஜாபிதா ஓட்டர் ஜாபிதா ஒன்றுதான். 1951-52 எலெக்ஷனுக்கு ஜாபிதா எழுதினபோது, வடநாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய தாய் என்று சொன்னதால் விட்டுப் போனார்கள். ஆகவே பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டையும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கோ புருஷன் சொல்லுக்கோ ஒப்புக்கொடுக்கக் கூடாது. வீட்டில் போடும் ஓட்டும் இரகசிய ஓட்டேயாகும்.

நாம் கேட்பது அதிகமில்லை. வயதுக்காகவும் ஊனத்துக்காகவும் ஒருமுறை எழுதிய பெயர், இறக்கும் வரையிலோ, வேண்டாம் என்று அவரே சொல்லும் வரையிலோ வீட்டு ஓட்டு ஜாபிதாவில் இருக்கட்டும். பெயரை எடுப்பதானால் காரணத்தைச் சொல்லி, படகு கரைக்கு வரும் நேரத்தில் குப்பத்திலேயே படிக்கட்டும். தொழிலுக்குப் போனவனை இடம் மாறினவன் என்று எழுதாதிருக்கட்டும். எலெக்ஷன் தினத்தில் கடலில் இருப்பவனுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போட வழி செய்யட்டும்.

சர்க்கார் செய்யும்வரை நமது வாலிபர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஜாபிதாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் கரையில் உட்கார்ந்து உரக்கப் படித்தால், யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் போயிற்று என்பது தெரிந்து விடும். போன பெயரைச் சேர்க்க 6-வது பாரம் இருக்கிறது. திருவிழாவுக்கு வீடுவீடாக வரி வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு, பெயர் விட்டுப்போன வீட்டுக்கு ஒரு பாரம் எழுதிக் கொடுக்கவா தெரியாது?