ராத்திரி கரண்டும் முகச் சுருக்கமும்

கிராமத்துக்காரங்க எட்டு மணிக்கே படுத்து நிம்மதியா தூங்குவாங்கன்னு பட்டணத்து நண்பர்கள் பலர் நினைக்கிறாங்க. அப்புறம் ஏன் 50 வயசு விவசாயி முகம் 65 மாதிரி இருக்குன்னு கேட்டா, வெயில்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. வெயில்தான் முதல் காரணம், மறுக்கலை. அதிலிருக்கிற புற ஊதாக் கதிர் தோலோட இறுக்கத்தைக் குலைக்குது. ஆனா மீதிக் கணக்கு ராத்திரியில இருக்குங்கிறது என் கருத்து.

சுவீடன்ல கரோலின்ஸ்கா நிறுவனத்துக்காரங்க 23 பேரை ரெண்டு தடவை போட்டோ எடுத்தாங்க. நல்லா தூங்கின பிறகு ஒண்ணு, 31 மணி நேரம் விழிச்சிருந்த பிறகு ஒண்ணு. 65 பேர் அதைப் பார்த்து மார்க் போட்டாங்க. தூக்கம் கெட்ட முகம்தான் களைச்சு, ஆரோக்கியம் குறைஞ்சு தெரிஞ்சுது. 2010ல இது வெளியாச்சு. ஒரு ராத்திரிக்கே இப்படின்னா, வருஷக்கணக்கா கெட்டா?

எங்க பக்கம் மோட்டாருக்கு மும்முனை கரண்ட் பகல் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம்னு முறை வச்சு வந்த வருஷங்கள் நிறைய. ராத்திரி முறைன்னா 12 மணிக்கு எந்திரிச்சு மோட்டார் போட்டு, டார்ச்சோட மஞ்சக் காட்டுல பாத்தி பாத்தியா மடை மாத்தணும். நடுவுல கரண்ட் போனா வரப்புலயே உட்கார்ந்திருக்கணும். ஆழ்ந்த தூக்கத்துலதான் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரந்து உடம்பு தன்னைப் பழுது பார்க்குமாம். அந்த நேரத்துல நாங்க சேத்துல நிப்போம்.

செல்போன்ல மோட்டார் போடலாமேன்னு கேப்பீங்க. சொட்டுநீர் போட்டவங்களுக்கு அது சரிங்க. வாய்க்கால் பாசனத்துல மடையை யாரு மாத்துறது? அதனாலதான் விவசாயத்துக்குப் பகல்லயே தடையில்லாத கரண்ட் வேணும்னு சொல்றேன். அது தண்ணிக்கு மட்டுமில்லீங்க, எங்க தூக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கும் ஒண்ணு. ஷிப்ட் வேலைக்காரங்களைச் சொல்லலை, அவங்க எங்க கட்சி. மத்தவங்க செல்போனைப் பார்த்து 1 மணி வரை முழிச்சிட்டு, சுருக்கத்துக்கு க்ரீம் வாங்குறீங்க. முதல்ல நேரத்தோட படுங்க. குப்புறப் படுக்காதீங்க, தலையணை அழுத்தி விழுற கோடு வயசாக ஆக நிலைச்சுப்போகும்.

அடுத்த தடவை ஊர்ப்பக்கம் வந்து ஒரு விவசாயி முகத்தைப் பார்த்து வயசு கேட்டா, எத்தனை வருஷம் ராத்திரி முறையில தண்ணி கட்டினீங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.