சொந்தப் பணத்தை எடுக்க 27 ரூபாய் கப்பமா?

மாதக் கடைசி. கணக்கில் கிடப்பது 530 ரூபாய். அவசரச் செலவுக்கு ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுக்கிறார் ஒரு குமாஸ்தா. மீதி 30 ரூபாய் இருக்க வேண்டும். ஆனால் பார்த்தால் 2 ரூபாய் 86 காசுதான் இருக்கிறது!

மற்ற 27 ரூபாய் 14 காசு எங்கே போச்சு?

பிக்பாக்கெட் அடிக்கவில்லை. மோசடிப் பேர்வழி யாரும் போனில் பேசி ஏமாற்றவில்லை. பாங்கியே எடுத்துக்கொண்டது. அதுவும் சட்டப்படி!

மாதத்தில் இலவச எண்ணிக்கை முடிந்த பிறகு பணம் எடுத்தால், ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பாங்கிகள் வசூலிக்கலாம். ரிசர்வ் பாங்கி கொடுத்துள்ள இந்த அனுமதி 2025 மே 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. அது 4 ரூபாய் 14 காசு. ஆக மொத்தம் 27 ரூபாய் 14 காசு.

எத்தனை தடவை இலவசம்?

சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர், தன் சொந்த பாங்கி ஏ.டி.எம்.மில் மாதம் 5 தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம்.

அடுத்த பாங்கி ஏ.டி.எம்.மில் என்றால் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் ஆகிய 6 பெருநகரங்களில் 3 தடவைதான். மற்ற ஊர்களில் 5 தடவை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. எந்திரம் எந்த ஊரில் நிற்கிறது என்பதுதான் கணக்கு!

செங்கல்பட்டில் கணக்கு வைத்துக்கொண்டு தினமும் மின்சார ரெயிலில் சென்னைக்கு வேலைக்கு வருகிறவர், சென்னையில் அடுத்த பாங்கி எந்திரத்தில் கார்டை நுழைத்தால் அவருக்கும் 3 தடவைதான். "எங்க ஊர்ல அஞ்சு தடவை உண்டே" என்று வாதாடிப் பிரயோசனம் இல்லை.

கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்னது சேமிப்புக் கணக்குக்கு உள்ள சலுகை. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் நடப்புக் கணக்குக்கு பாங்கிக்கு பாங்கி விதி மாறும். மானேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாக்கி பார்த்தாலும் போச்சு!

அடுத்த பாங்கி எந்திரத்தில் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று பார்த்தாலே ஒரு தடவை கழிந்துவிடும். முதலில் பாக்கி பார்த்து, பிறகு பணம் எடுத்தால் மூன்றில் இரண்டு காலி!

சொந்த பாங்கி எந்திரத்தில் அப்படி இல்லை. அங்கே பாக்கி பார்ப்பது, செக் புத்தகம் கேட்பது போன்றவற்றை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது என்று 2019 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது.

எந்திரம் கோளாறு, எந்திரத்தில் பணம் இல்லை, ரகசிய எண் தவறு என்ற காரணங்களால் பணம் வராமல் போனால், அதையும் ஒரு தடவையாக எண்ணக்கூடாது. கட்டணமும் கூடாது. இதுவும் அதே உத்தரவில் இருக்கிறது.

படிப்படியாக ஏறிய கதை

2009 ஏப்ரல் 1-ந் தேதி முதல் எந்த பாங்கி எந்திரத்தில் எடுத்தாலும் இலவசம் என்றார்கள். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் ஆறரை மாதம்தான். அக்டோபர் 15-ந் தேதி முதல் அடுத்த பாங்கியில் 5 தடவைதான் என்று வரம்பு வந்தது.

2014 நவம்பரில் பெருநகரங்களில் அது 3 ஆகக் குறைந்தது. அப்போது கட்டண வரம்பு 20 ரூபாய். 2022 ஜனவரியில் 21 ரூபாய். 2025 மே மாதத்தில் 23 ரூபாய்.

பாங்கிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எந்திரம் வைக்க வாடகை, கரண்டு, காவல், பணம் கொண்டு வந்து நிரப்பும் செலவு எல்லாம் இருக்கிறது. ஒரு பாங்கியின் வாடிக்கையாளர் இன்னொரு பாங்கி எந்திரத்தில் பணம் எடுத்தால், அவருடைய பாங்கி அந்த எந்திரத்துக்காரருக்கு 19 ரூபாய் கொடுக்க வேண்டும். பாக்கி மட்டும் பார்த்தால் 7 ரூபாய்.

செலவு உண்டு, கட்டணமும் இருக்கட்டும். ஆனால் அதை வாங்குகிற விதம்தான் சரியில்லை.

ஏழைக்குத்தான் அடி

பத்தாயிரம் ரூபாய் எடுப்பவருக்கும் 27 ரூபாய். ஐநூறு எடுப்பவருக்கும் 27 ரூபாய். பத்தாயிரத்தில் அது நூற்றுக்கு கால் ரூபாய் சொச்சம். ஐநூறில் நூற்றுக்கு 5 ரூபாய்க்கும் மேல்!

மொத்தமாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கு இந்தக் கட்டணம் தெரிவதே இல்லை. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று பயந்து ஐநூறு ஐநூறாக எடுக்கிற தொழிலாளிதான் அகப்பட்டுக்கொள்கிறார். இலவசம் முடிந்த பிறகு அவர் 4 தடவை எடுத்தால் 108 ரூபாய் 56 காசு அவுட்!

அவர் ஏன் அடுத்த பாங்கி எந்திரத்துக்குப் போகிறார்? சொந்த பாங்கி எந்திரம் பக்கத்தில் இருப்பதில்லை. இருந்தாலும் சில நாள் "பணம் இல்லை" என்று அட்டை தொங்குகிறது. மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாமல் கிடக்கும் எந்திரத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபர் 1-ந் தேதி முதல் ரிசர்வ் பாங்கி விதி கொண்டுவந்தது. அந்த அபராதம் ரிசர்வ் பாங்கிக்குப் போகிறது. வெயிலில் அடுத்த எந்திரம் தேடி நடந்தவருக்கு அதில் ஒரு காசு வருமா?

முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

ஓட்டலில் விலைப்பட்டியல் தொங்குகிறது. ஆட்டோவில் ஏறும் முன் "எவ்வளவுப்பா?" என்று கேட்டுவிட்டு ஏறலாம். ஏ.டி.எம்.மில் மட்டும் காசு கழிந்த பிறகு எஸ்.எம்.எஸ். வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இத்தனை தடவை முடிந்துவிட்டது, இனி கட்டணம் உண்டு என்று வாடிக்கையாளரை எச்சரிக்க ஏற்பாடு வேண்டும். இது பெருநகர எந்திரமா இல்லையா என்று அந்த இடத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று 2014-லேயே ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அது எத்தனை எந்திரத்தில் கண்ணில் படும்படி இருக்கிறது? அதிகாரிகள் ஒரு நாள் நகரை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும்.

பொதுமக்களும் உஷாராக இருக்க வேண்டும். பாக்கி பார்க்க அடுத்த பாங்கி எந்திரத்தைத் தொடவே வேண்டாம். எடுத்த தடவைகளை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளலாம். கணக்கில் பணம் கழிந்து, எந்திரத்தில் நோட்டு வராவிட்டால் 5 நாளுக்குள் பாங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. பாங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம்.

கட்டணம் எவ்வளவு என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் பணம் வெளியே வருவதற்கு முன்னால், "இந்தத் தடவை 27 ரூபாய் 14 காசு பிடிக்கப்படும், சம்மதமா?" என்று எந்திரம் தமிழில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு பித்தானை அழுத்திவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும்.

கேட்டு வாங்கினால் அது கட்டணம். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு!

ரிசர்வ் பாங்கி கவனிக்குமா?