செலவு எவருக்கு?

கொழும்பில் 1899 இல் ஓடத் தொடங்கிய ட்ராம் வண்டிகள் 1960 இல் நிறுத்தப்பட்டன. மாலபேயையும் கோட்டையையும் 16 நிலையங்களால் இணைக்கவிருந்த இலகு ரயில் திட்டத்துக்கு, 0.1 வீத வட்டியில், 40 ஆண்டுத் தவணையில் கடன் வழங்க யப்பான் 2019 இல் உடன்பட்டது. 2020 செப்டெம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. கூறப்பட்ட காரணம் செலவு மிகுதி என்பதாகும்.

செலவு எவருக்கு என்று நாம் வினவியே ஆகவேண்டும். கரையோரப் புகையிரதத்தின் மிதிபலகையில் தொங்கிச் செல்லும் தொழிலாளியின் உயிராபத்தும், பேருந்து நெரிசலில் எழுதுவினைஞர் நாள்தோறும் இழக்கும் நேரமும் எக்கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. தண்டவாளத்துக்கு இடும் பணம் செலவாம். கார்களுக்காக அகலிக்கப்படும் வீதியோ அபிவிருத்தியாம்! இது கணக்கியலன்று, வர்க்க நலன்.

அந்நியக் கடன் நாட்டை அடிமைப்படுத்தும் என்பாருமுளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், 2022 இல் நாடு கடன் செலுத்த இயலாது தடுமாறியபோது அதன் கழுத்தை நெரித்தவற்றுள் முதன்மையானவை உயர்வட்டிப் பிணைமுறிகளேயன்றி, இத்தகைய சலுகைக் கடன்களல்ல.

மாலபேத் திட்டம் மீட்கப்படவேண்டும். பெரும்பகுதி ஒற்றைப் பாதையாகவே கிடக்கும் களனிவெளிப் பாதை இரட்டிக்கப்படவேண்டும். நகரம் காருடையோரின் தனியுடைமையன்று. அதனை நாள்தோறும் இயக்குவோர்க்கே அதில் முதலுரிமை உண்டு.