மலையே இல்லாத ஊரில மவுண்டன் சைக்கிள் திருத்துறவன்

எங்கட ஊர்ல ஒரு பொடியன் "சைக்கிள் கடை போடப்போறன்" எண்டு சொன்னா, வீட்டில முதல் வாற கேள்வி "இதுக்கா உன்னைப் படிப்பிச்ச?" என்பதுதான். அதே பொடியன் கட்டாருக்குப் போய், யாரோ ஒருத்தரின் கராச்சில் நாள் முழுக்க ரயர் கழட்டினால் அது 'வெளிநாட்டு வேலை'. கலியாணப் பேச்சிலயும் அதுக்கு மரியாதை. நாவற்குடாச் சந்தியில் கிறீஸ் பட்டால் அழுக்கு, டோஹாவில் பட்டால் சம்பளம். இந்தக் கணக்கை எங்களுக்கு யார் படிப்பிச்சது?

அரசாங்க உத்தியோகக் கதையையும் பார்ப்போம். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் இருந்தார்கள். அவர்களின் கோரிக்கையை நாங்கள் குறை சொல்லவில்லை. படிக்க வைத்த அரசு பதில் சொல்லத்தான் வேண்டும். 2020இல் பட்டதாரிப் பயிலுனர் திட்டம் வந்தபோது மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. பல பேருக்குக் கந்தோரில் இருக்கக் கதிரைகூட இல்லை. அதையும் 'வேலை' எண்டுதான் சொன்னோம். காலையில் எட்டு மணிக்குக் கடை திறந்து, பத்துப் பேரைத் திரும்பவும் ரோட்டில் ஓடவைக்கிற மனிசனைப் பார்த்து மட்டும் "சும்மா ஒரு சைக்கிள் கடை வச்சிருக்கான்" எண்டோம்.

அந்தச் 'சும்மா' 2022இல் எங்களைக் காப்பாத்தினது ஞாபகம் இருக்கா? ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவுக்கு இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் லீற்றர் 470 ஆனது. ஜூன் 27இல் அரசு தனியார் வாகனங்களுக்கு எண்ணெய் விற்பதையே நிறுத்தியது. அப்பதான் வீட்டுக் கோடிக்குள்ள கிடந்த சைக்கிள் எல்லாம் தூசு தட்டி வெளியில வந்தது. ரியூப் உக்கி, செயின் துருப்பிடிச்சு, பிறேக் கட்டை கல்லாகி. கடை வாசலில் சைக்கிள் வரிசை நிண்டது. கியூஆர் கோட் வந்து எண்ணெய் கிடைச்ச பிறகு, அந்தக் கடைக்காரரை நாங்களும் மறந்துபோனோம்.

சரி, மவுண்டன் சைக்கிள். நாவற்குடாவில் மலை எங்க இருக்கு? கிழக்கில் கடல், மேற்கில் வாவி, உயரமா ஏற வேணுமெண்டா கல்லடிப் பாலம்தான். ஆனாலும் பொடியன்மார் கேட்கிறது தடிச்ச ரயரும் கியரும் உள்ள சைக்கிளைத்தான். ஜப்பானிலிருந்து பாவிச்சதாக வாறதும் கடையில புதுசா நிக்கிறதும் பெரும்பாலும் கியர் சைக்கிள். பகட்டுக்குத்தான் வாங்கினார்கள் எண்டு வைத்துக்கொண்டாலும், மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக் கிரவல் ரோட்டில் ஒரு நாள் ஓடிப் பார்த்தவனுக்கு அந்த ரயரின் அருமை தெரியும். 2014இல் அந்தப் பாலம் வரும்வரை அங்க போறது பாதையில சைக்கிளையும் ஏத்திக்கொண்டுதான்.

பிரச்சினை என்னவெண்டா, இந்தச் சைக்கிளைத் திருத்தத் தெரிஞ்ச ஆக்கள் குறைவு. கியர் பிழைச்சா, பல கடையில் கியரையே கழட்டி, செயினை ஒரே பல்லில் போட்டுக் கட்டி அனுப்புவார்கள். "இனிப் பிரச்சினை வராது தம்பி." வராதுதான், கியரே இல்லையே!

இதில ஒரு படிப்பு இருக்கு. லுமாலா மாதிரிப் பழைய சைக்கிள் ரயர் சிலதில் '26' எண்டு இருக்கும், மவுண்டன் சைக்கிள் ரயரிலயும் '26' எண்டு இருக்கும். ஒண்டு மற்றதுக்குச் சேராது. 26 × 1⅜ எண்ட ரயருக்கு றிம் குறுக்களவு 590 மில்லிமீற்றர், மவுண்டன் சைக்கிளுக்கு 559. மூண்டு சென்ரிமீற்றருக்கு மேல வித்தியாசம். ரயரின் பக்கத்தில் அந்த இலக்கம் பொடியெழுத்தில் அச்சடிச்சிருக்கும், வாசிக்கிறவன்தான் இல்லை. செயின் தேய்ஞ்சதா எண்டு பார்க்க ஒரு அடிமட்டம் போதும்: ஊசிக்கு ஊசி சரியா 12 அங்குலம் இருக்கவேண்டிய நீளம் 12⅛ஐத் தொட்டால், செயினோட பின்பல்லும் போயிற்று. பல்லு தேயமுந்திச் செயினை மாத்தினால் வாடிக்கையாளரின் காசு மிச்சம். எங்கட ஊரில இதெல்லாம் வேகமா நடக்கும். உப்புக் காத்தும் கடற்கரை மணலும் சேர்ந்தால் செயின் அரத்தாளாகிவிடும்.

மவுண்டன் சைக்கிளே மெக்கானிக்குகளின் பட்டறையில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கிப் பந்தயம் ஓடினார்கள். ஒருக்கா இறங்கி முடிய, பின் சில்லுக்குள்ள இருந்த பிறேக்கின் கிறீஸ் எரிஞ்சு புகையாகும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சுத் திரும்பக் கிறீஸ் அடைக்க வேணும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'திரும்ப அடை' எண்டு பேர். 1979இல் கேரி ஃபிஷரும் சார்ல்ஸ் கெல்லியும் கடை போட்டு இந்தச் சைக்கிள்களை விற்கத் தொடங்கினார்கள். கை அழுக்கானவர்கள்தான் ஒரு புதுச் சைக்கிளையே உண்டாக்கினது.

சுயதொழில் எண்டு மேடையில் பேசுறவர்களிடமும் ஒரு கேள்வி. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் எத்தனை நிறுவனங்கள் இஞ்ச சைக்கிள் குடுத்தன! ஆவி பறக்கப் படம் எடுத்தார்கள். அந்தச் சைக்கிளை மூண்டாம் வருசம் யார் திருத்துவது எண்டு யோசிச்சவர்கள் எத்தனை பேர்? ஒரு ஆயுதப் பெட்டியும் ரீசேட்டும் குடுத்தால் தொழில் வந்துவிடாது. பிறீவீல் கழட்ட அதுக்குரிய ஆயுதம் வேணும், உதிரிப்பாகம் கடனுக்குக் கிடைக்கவேணும், ரெண்டு வருசம் பக்கத்தில நிண்டு பழக ஒரு மேஸ்திரி வேணும். மாரியில் ஒழுங்கை எல்லாம் வெள்ளம் நிக்கிற ரெண்டு மாசத்துக்குச் சோத்துக்கு வழி வேணும். இதைச் சொல்லாமல் 'உங்கள் முதலாளி நீங்களே' எண்டு பொடியன்மாரை உசுப்பேத்துறது ஏமாத்து.

பென்சன் இல்லையே எண்டு அம்மாமார் கேட்பார்கள். 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. சுயதொழில் செய்கிறவரும் அதில் காசு கட்டி ஓய்வூதியம் எடுக்கலாம். பெரிய தொகை எண்டு சொல்ல வரவில்லை. ஆனால் வழியே இல்லை என்பது பொய்.

மற்றக் குற்றவாளி நாங்கள்தான், வாடிக்கையாளர். ரயருக்குச் சொன்ன விலையை வாய் திறக்காமல் குடுப்போம். கூலி நூறு ரூபா எண்டா, "என்ன அண்ணன், ரெண்டு நிமிச வேலைதானே?" அந்த ரெண்டு நிமிசத்தைப் பழக அவருக்கு எத்தனை வருசம் போனது எண்டு கேட்கமாட்டோம். போதாததுக்குக் கடன் கொப்பி. அதனால்தான் அவரும் கூலியை உதிரிப்பாக விலைக்குள்ள ஒளிச்சு வைக்கிறார், மறுகா நாங்கள் அவரைக் கள்ளன் எண்டுறோம். கடை வாசலில் கூலி விலையை எழுதித் தொங்கவிடட்டும். ஒட்டுக்கு இவ்வளவு, சில்லு நெளிவு எடுக்க இவ்வளவு, கியர் சரிபார்க்க இவ்வளவு. தொங்கினால் வாசிச்சுக் குடுப்போம்.

ஒண்டு விட்டுப்போச்சு. கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரைக்கும் பள்ளிக்கூடம் போறதும் ரியூசனுக்குப் போறதும் பாதிக்குமேல் பொம்பிளப் பிள்ளைகளின் சைக்கிள். அதைத் திருத்துற கடையில் ஒரு பொம்பிளையை நாங்கள் இன்னும் காணவில்லை. காத்தடிக்கிற பம்பில எழுதியா இருக்கு ஆம்பிளைக்கு மட்டும் எண்டு?

மாரி தொடங்க முந்தி, கோடியில கிடக்கிற உங்கட கியர் சைக்கிளை வெளியில எடுங்க. கியரைக் கழட்டாமல் திருத்தச் சொல்லிக் கேளுங்க. கேட்ட கூலியைக் குடுங்க, கையோட.