கண்ணால் எடைபோடும் ஷோரூம்கள்

2022 ஜனவரி. கர்நாடக மாநிலம் துமகூருவில் ஒரு விவசாயி, பொலேரோ பிக்கப் வாங்குவதற்காக நண்பர்களுடன் மஹிந்திரா ஷோரூமுக்குப் போனார். அவருடைய உடையைப் பார்த்த விற்பனையாளர், பையில் பத்து ரூபாய்கூட இருக்காது, பத்து லட்சத்துக்கு எங்கே போவாய் என்கிற தொனியில் பேசிவிட்டார். அந்த விவசாயி கோபத்தோடு வெளியேறி, ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்ச ரூபாயை ரொக்கமாகக் கொண்டுவந்து வைத்தார். உடனே வண்டியைக் கொடு என்றார். கொடுக்க முடியவில்லை. வாக்குவாதம் போலீஸ் வரை போனது, வீடியோ நாடெங்கும் பரவியது. மஹிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திராவே தனிமனித கண்ணியம் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வண்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் மாடலை முடிவு செய்துவிட்டுத்தான் வந்தார். பணமும் இருந்தது. விளம்பரம் செய்ய வேண்டிய வேலை முழுவதும் முடிந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம் அத்தனையையும் கெடுத்தது.

ஆளைப் பார்த்து எடைபோடுவது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. சிகாகோ வட்டாரத்தில் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஆட்கள் கார் ஷோரூம்களில் ஒரே மாதிரி பேரம் பேசியும், வெள்ளையின ஆண்களுக்குத்தான் குறைந்த விலை கிடைத்தது. கறுப்பினப் பெண்களிடம் கேட்கப்பட்ட லாபம், அந்த ஆண்களிடம் கேட்கப்பட்டதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இங்கேயும் பாருங்கள்: வண்டியை ஓட்டப்போவது மனைவி, பணம் கட்டுவதும் அவரே. ஆனால் விற்பனையாளர் என்ஜினைப் பற்றி விளக்குவது கணவரிடம்.

இதற்கு நேர் எதிரான மனிதர் டெட்ராய்ட் பகுதியில் செவர்லே விற்ற ஜோ ஜிரார்ட். 1963 முதல் 1978 வரை, ஒவ்வொன்றாக, 13,001 வண்டிகள் விற்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். வண்டி வாங்கிப் போனவர்களுக்கு மாதம் தவறாமல் வாழ்த்து அட்டை அனுப்புவார். சாவியைக் கொடுத்ததோடு உறவு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த வண்டிக்கு அதே வாடிக்கையாளர் அவரைத் தேடி வந்தார், தன் மைத்துனரையும் கூட்டிவந்தார்.

விற்பனையாளரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மாத இலக்கும் இன்சென்டிவும் கழுத்தை நெரிக்கும்போது, 'இவர் வாங்குவாரா, சும்மா பார்க்க வந்தவரா' என்று வாசலிலேயே தரம்பிரிக்கத் தோன்றும். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது முதலாளிகள்தான். ஷோரூமுக்கு டைல்ஸ் போடச் செலவழிப்பவர்கள், ஊழியரின் அடிப்படைச் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் கொஞ்சம் செலவழிக்கட்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல ஆண்டு தவணை கட்டி வாங்கப்போகும் பொருள் இது. உட்காரச் சொல்லாத இடத்தில், கேட்ட கேள்விக்கு எரிச்சலோடு பதில் வரும் இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அதே கம்பெனியின் அதே வண்டி அடுத்த ஊர் ஷோரூமிலும் கிடைக்கும்.