கையொப்பம் மட்டும் தமிழில்

தாளின் காலம் முடிந்துவிட்டதென்று சிலர் பறையறைந்து திரிகின்றனர். எல்லாம் கணிப்பொறிக்குள் போய்விட்டனவாம். கைப்பேசித் திரையை விரலால் தொட்டால் அரசே நடக்கிறதாம். ஆகலின் படிவத்தில் எம்மொழி இருந்தால் என்ன, ஆணையில் எம்மொழி இருந்தால் என்ன, அதற்காகப் போராடுவது காலங்கடந்த வேலையாம். இவ்வாறு உரைப்போருள் தமிழின் பகைவர் மட்டும் இலர். தமிழுக்காக மேடையேறிக் கண்ணீர் வடிப்பாரும் உளர். அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

தாளில்லா அலுவலகம் இதோ வந்துவிட்டதென்று அமெரிக்க வணிக இதழொன்று எழுதியது 1975-இல். ஐம்பதாண்டு கடந்தது. திங்கட்கிழமை காலையில் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் சற்றே நின்று பாருங்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்திறங்கும் உழவர் கையில் என்ன இருக்கிறது? மஞ்சட்பை. அதனுள்ளே நான்காய் மடித்து, மடிப்பிலே கிழிந்து, நெகிழித்தாள் உறையிட்ட நிலவாவணம். தந்தை பெயரிலுள்ள பட்டா. குடும்ப அட்டையின் படி. சென்ற முறை கொடுத்த முறையீட்டின் படி. பட்டா இணையத்தில் ஏறிவிட்டது, உண்மை. ஏறியதை அச்செடுத்துக் கொண்டுவா என்று அதே அலுவலகம் திருப்பி அனுப்புகிறது, அதுவும் உண்மை. கணிப்பொறி வந்தபின் தாள் குறையவில்லை. தாளை அச்சிடும் செலவு அரசின் தலையிலிருந்து ஏழையின் தலைக்கு மாறிற்று, அவ்வளவே.

'தாள்' என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். நெற்பயிரின் அடித்தண்டு தாள். ஏடு, இதழ், ஓலை, மடல் யாவும் மரஞ்செடிகொடிகளின் உறுப்புப் பெயர்களே. எழுதப்படும் பொருளுக்கெல்லாம் பயிரிலிருந்தே பெயர் கொண்ட மொழி நம் மொழி. அங்ஙனமிருக்கப் பாரசீகத்திலிருந்து வந்த 'காகிதம்' நம் நாவில் ஒட்டிக்கொண்டது. கரூரை அடுத்த புகழூரில் 1979-இல் தமிழ்நாட்டு அரசு ஒரு தாளாலையைத் தொடங்கிற்று. கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்யும் ஆலை அது. உண்மையிலேயே பயிர்த்தாளிலிருந்து எழுதுதாள்! அதன் குடியிருப்புக்கு இட்ட பெயர் என்ன தெரியுமோ? 'காகிதபுரம்'. தாளூர் என்றால் மூன்றெழுத்து மிச்சம், மையும் மிச்சம். போகட்டும்.

தேர்தலுக்கு வருவோம். உத்தரமேரூர்க் குடவோலை முறையைப் பரிந்து பேசாத அமைச்சர் இலர். முதற் பராந்தகன் காலத்தே, 919, 921-ஆம் ஆண்டுகளில், ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்த முறை அது. ஓலை போய்த் தாள் வந்தது. 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதி உழவர்கள், தம் குறையை நாடறியட்டுமென்று கூட்டங்கூட்டமாக வேட்பாளராயினர். 1033 பேர்! வாக்குச்சீட்டு ஒரு நூலாகவே கட்டப்பட்டது. தேர்தலும் தள்ளிப் போயிற்று. தாள் என்பது ஊமைப்பொருளன்று, உழவன் அதனைப் படைக்கலமாக்கவும் கூடும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

பின்னர் மின்னணுப் பொறி வந்தது. தாள் ஒழிந்தது என்றார்கள். ஒழிந்ததா? 2013-இல் உச்சமுறைமன்றமே தலையிட்டு, இட்ட வாக்கைத் தாளில் காட்டும் பொறியும் வேண்டுமென்றது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் அது வைக்கப்பட்டது. வாக்காளன் கண்முன் ஏழு நொடி நின்று, பின் பெட்டிக்குள் விழும் ஒரு சிறு தாள்! அத்தாளை எல்லாம் எண்ணுக, அன்றேல் வாக்குச்சீட்டுக்கே திரும்புக என்று கேட்டவர்களின் வழக்கை 2024 ஏப்பிரலில் அம்மன்றம் தள்ளிவிட்டது. செருமனியிலோ அரசியலமைப்பு மன்றம் 2009-இலேயே, பொறியறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்கக் கூடியதாகத் தேர்தல் இருத்தல் வேண்டுமென்று கூறி, அங்குப் பயன்பட்ட வாக்குப் பொறிகளைச் செல்லாவென்றது. நம் ஊர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் 2019 திசம்பரில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு நிறத் தாள்களிலே மதுரை மாவட்டத்துப் பாட்டிமார் முத்திரை குத்தினர். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்தப் புகுந்தபோதும் வீட்டு வாயிலுக்கு வந்தது தாளே. 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எப்பக்கத்தில் உள்ளதென்று தேடி, பிறந்த மண்ணிலேயே தாம் குடிகள்தாமென்று மெய்ப்பிக்க மக்கள் அலைந்ததை நாம் கண்டோம்.

மதுரையை அறிந்தவர்க்குச் சுவரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டா. காதணி விழாவுக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், சாவுக்கும், சாவின் ஆண்டு நினைவுக்கும், தலைவர் வருகைக்கும் இங்குச் சுவரொட்டி உண்டு. எல்லாக் கட்சியாரும் கைப்பேசிக்கென்று தனிப்படை வைத்திருக்கின்றனர். ஆயினும் தலைவர் வருகிறாரென்றால் பசைவாளியும் ஏணியுமாய் இரவோடிரவாக ஆட்கள் கிளம்புகின்றனர். கைப்பேசிச் செய்தியை வேண்டாதவன் தள்ளிவிடலாம். சுவரிலுள்ள தாளைத் தெருவில் நடப்பவன் பார்த்தே தீர வேண்டும். (அவற்றுள் ஒற்றுப்பிழையில்லாத ஒன்றை அச்சிட்ட அச்சகத்தாரைக் கண்டால் யான் கைகூப்பி வணங்குவேன். 'கண்ணீர் அஞ்சலி'யை 'இரங்கல்' என்று மாற்றுங்களென முப்பதாண்டாய் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். இருவர் மாற்றினர்.) பிழையோடேனும் அது தமிழ். ஏன்? வாக்கு வேண்டும்! கேட்கும் தாள் தமிழில். வாக்கைப் பெற்று ஆளப் புகுந்தபின் கொடுக்கும் தாள் ஆங்கிலத்தில், இந்தியில். இவ்விரண்டு தாள்களுக்கும் இடையேதான் தமிழன் ஏமாற்றப்படுகிறான்.

நம் முன்னோடிகள் தாளின் வலிமையை அறிந்திருந்தனர். ஆட்சிமொழி பற்றிய அரசியலமைப்பின் பதினேழாம் பகுதியைக் கொளுத்தும் போராட்டத்திற்காக 1963 நவம்பரில் அண்ணா சிறை புகுந்தார். 1965 சனவரி 25-ஆம் நாள் அதே பகுதியைக் கொளுத்தப் புறப்பட்ட மாணவர் ஊர்வலம் மதுரை வடக்கு மாசி வீதியில் தாக்குண்டது. அங்கே பற்றிய தீ நாடெங்கும் பரவியது. 1986-இல் அத்தாளைக் கொளுத்தியதற்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட பதின்மர் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழந்தனர். கடையில் விலைக்குக் கிடைக்கும் ஒரு நூலின் சில பக்கங்கள்தாமே, எரிந்தால் என்ன என்று ஆட்சியாளர் இருந்துவிட்டனரா? இல்லை. தாளில் இருப்பதே ஆட்சி என்பது அவர்க்குத் தெரியும். மறந்தவர் நாமே.

கீழடியைப் பாருங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே ஒரு நடைத் தொலைவில், கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் தமிழர் பானையோட்டில் தம் பெயரைக் கீறினர். கீறியவர் அரசர் அல்லர். குயவரும் குடியானவரும் ஆகலாம். அவ்விடத்தை முதலில் அகழ்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் தில்லிக்குக் கொடுத்தார். ஈராண்டு உறங்கியது. 2025 மே திங்களில், திருத்தித் தருக என்று திருப்பினர். அவர் தம் முடிவில் நின்றார். பானையோட்டை எவரும் மறுக்க முடியாது. அது மண்ணிலிருந்து வந்தது. ஆயினும் அரசின் முத்திரையோடு ஒரு தாள் வெளிவராத வரையில் பாடநூலில் அது ஏறாது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணுள் காத்திருந்த எழுத்து, இன்று ஒரு கோப்புக்குள் காத்திருக்கிறது.

இனி, முறைமன்றம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004 சூலை 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. உலகனேரியில் அது நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் யானைமலை தெரியும். அம்மலையில் தமிழி எழுத்தும் உண்டு. எட்டாம் நூற்றாண்டு வட்டெழுத்தும் உண்டு. பாறைக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. கீழே கட்டடத்துள் வழங்கும் தீர்ப்புத்தாளுக்கோ தெரியவில்லை! கீழமை மன்றங்களின் மொழி தமிழென்று 1976-இலேயே நம் சட்டத்தைத் திருத்தினோம். உயர்மன்றத்திலும் தமிழ் வேண்டுமென்று 2006 திசம்பர் 6-ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு அதற்கு வழி விட்டிருக்கிறது: குடியரசுத் தலைவர் இசைந்தால் ஆளுநர் ஆணையிடலாம். இராசத்தானம் 1950-இலும், உத்தரப்பிரதேசம் 1969-இலும், மத்தியப்பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் அவ்வழியே இந்தியைப் பெற்றன. தமிழுக்கு மட்டும் வாயில் அடைபட்டது. 2012-இல் உச்சமுறைமன்ற நடுவர் அனைவரும் கூடி இசையவில்லை. 2019 முதல் உச்சமுறைமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் வெளிவருகிறதே என்பார்கள். வருகிறது. அதன் அடியிலேயே, ஆங்கிலப் படியே செல்லும் என்று ஒரு குறிப்பும் வருகிறது. தூக்கிலிடுவதாயினும் விடுவிப்பதாயினும், தன் வாழ்வை முடிவு செய்த தாளைத் தானே படித்துப் பார்க்க முடியாதவனைக் குடிமகன் என்பதா, அடிமை என்பதா?

இதனை நூலறிவு கொண்டு மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகட்கு முன், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் பழைய மாணவனின் தந்தையார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டேகால் காணி நிலம். நகரிலுள்ள ஒரு வைப்பகத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். கடன்தொகை முழுமையும் கைக்கு வரவில்லை. ஆண்டுதோறும் ஏதோ பிடிக்கின்றனர்.

"வாத்தியாரய்யா, இதுல என்னமோ எழுதியிருக்காக. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்று தாள்கட்டை நீட்டினார்.

பதினாறு பக்கம். வலப்பக்கம் ஆங்கிலம், இடப்பக்கம் இந்தி. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பதினோராம் பக்கத்தில் இருந்தது செய்தி: கடனோடு சேர்த்து ஓர் உயிர்க்காப்பீட்டுக்கும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார், படித்துப் பார்த்து விளங்கிக் கொண்டேன் என்றும் அங்கே அச்சிட்டிருந்தது. அதன்கீழ் அவர் கையொப்பம். நடுங்கும் கையால் முழுப்பெயரும் எழுதியிருந்தார். பதினாறு பக்கத்திலும் தமிழ் அது ஒன்றே.

மறுநாள் அவரோடு அவ்வைப்பகம் சென்றேன். மக்களுக்குக் கொடுக்கும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அவ்வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருத்தல் வேண்டுமென்று, ரிசர்வ் வங்கி என வழங்கும் நடுவண் வைப்பகமே விதித்திருப்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, படி ஒன்றில் ஒப்புகையும் கேட்டேன். மேலாளர் வடநாட்டு இளைஞர், கடிந்து பேசவில்லை. கடைநிலை ஊழியரை அழைத்து ஏதோ சொன்னார். அவர் இரும்பு நிலைப்பேழையின் அடித்தட்டைத் துழாவி ஒரு கட்டை எடுத்து வைத்தார். அச்சகத்துச் சணற்கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. மேலே தூசு. உள்ளே, வெள்ளை வெளேரென்று தமிழ்ப் படிவங்கள்.

பெரியவர் ஒன்றை உருவி, எழுத்துக்கூட்டி முதல் வரியைப் படித்தார். பின் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இது இம்புட்டு நாளும் இங்கனயேதான் இருந்துச்சாய்யா?"